பொல்லு, கதை, செங்கோல்: ஓர் ஆயுதத்தின் வரலாறு

க.பொ.த. (சாதாரண தரம்) – வரலாறு – மேலதிக வாசிப்பு



வெருகலில் நடைபெறும் எமது மாலை வகுப்பில் ஒரு நாள், "மனிதன் பாவித்த மிகப் பழைய ஆயுதங்களுள் ஒன்றைக் குறிப்பிடுக" என்று ஓர் ஒரு புள்ளி வினாவைக் கொடுத்தேன். பலர் "கல்" என்று எழுதினர். சிலர் "வில்" என்று எழுதினர். எங்கள் ஊரில் சித்திர வேலாயுத சுவாமி கோயில் இருப்பதாலோ என்னவோ, இருவர் "வேல்" என்று எழுதியிருந்தனர். ஒரு மாணவன் மட்டும் "பொல்லு" என்று எழுதிவிட்டு, அதைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் "வாள்" என்று திருத்தியிருந்தான். ஏன் வெட்டினாய் என்று கேட்டேன். "அது மாடு சாய்க்கிற பொல்லுதானே சேர், அதையெல்லாம் வரலாற்றுப் பேப்பரில எழுதலாமா?" என்றான்.

அவன் வெட்டியதுதான் சரியான விடை. புதிதாக எழுதிய வாள், அந்தப் பட்டியலில் ஆகப் பிந்தியவற்றுள் ஒன்று. வீட்டு மூலையில் கிடக்கும் பொருளுக்கு வரலாறு இல்லை என்ற எண்ணம் உங்களுள் பலரிடம் இருக்கின்றது. அந்த எண்ணத்தால் புள்ளியும் போகின்றது, பாடமும் விளங்காமற் போகின்றது. ஆகவே இம்முறை பொல்லின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். தரம் 10 இல் நீங்கள் கற்கும் "மூலாதாரங்கள்" என்ற அலகுக்கும், ஆதிக் குடியிருப்புகள், நாகரிகங்கள் பற்றிய அலகுகளுக்கும், குடியியலில் வரும் பாராளுமன்றம் பற்றிய பாடத்துக்கும் இது ஒருங்கே உதவும்.

முதலில் சொற்களைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். ஒரே மரத்துண்டாலான அடிக்கும் ஆயுதம் பொல்லு அல்லது தடி எனப்படும். தனியாகச் செய்த கல் அல்லது உலோகத் தலையை ஒரு பிடியின் நுனியிற் பொருத்தினால் அது கதை, அதாவது கதாயுதம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருந்தால் கட்டுரையின் மீதிப்பகுதி இலகுவாக விளங்கும்.

மரம் உக்கும், கல் நிற்கும்

மிகப் பழைய ஆயுதம் பொல்லு என்றால், அகழ்வாய்வுகளில் அது ஏன் அதிகம் கிடைப்பதில்லை? விடை மிக எளிது. மரம் உக்கிவிடும், கறையான் தின்றுவிடும். எமது நாட்டின் பலாங்கொடை மனிதன் வாழ்ந்த பாஹியன்கல, பட்டதொம்பலென, பெலிலென ஆகிய குகைகளில் நுண்கற்கருவிகளும் எலும்பாலான கூர்முனைகளும் கிடைத்துள்ளன. இதை வைத்து "பலாங்கொடை மனிதன் கல்லையும் எலும்பையும் மட்டுமே பாவித்தான்" என்று எழுதுவது தவறு. மழைக்காட்டின் நடுவே வாழ்ந்தவனுக்கு மரம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. எமக்குக் கிடைப்பது அவன் வைத்திருந்தவற்றின் முழுப் பட்டியலன்று. மண் அழிக்காமல் விட்டுவைத்த பகுதி மாத்திரமே அது.

காற்றுப் புகாத ஈரச் சேற்றில் அகப்பட்ட மரம் சில வேளைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தப்பிவிடும். இலண்டன் நகரின் தேம்ஸ் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு மரப்பொல்லு ஏறத்தாழ கி.மு. 3500 ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது. அகன்ற அலகும் குறுகிய பிடியும் கொண்ட அதனைப் பார்த்தால், பாவித்துத் தேய்ந்த கிரிக்கெட் மட்டை என்றே நினைப்பீர்கள். 2017 இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இதே அளவில் ஒரு பொல்லைச் செய்து, மனித மண்டையோட்டைப் போலச் செயற்கையாக ஆக்கப்பட்ட கோளங்களை அதனால் அடித்துப் பார்த்தனர். ஏற்பட்ட உடைவுகளுள் ஒன்று, ஒஸ்திரியாவில் புதிய கற்காலப் படுகொலை நடந்த இடமொன்றிற் கிடைத்த மண்டையோட்டின் உடைவை அப்படியே ஒத்திருந்தது. அதாவது, பொல்லு கிடைக்காத இடத்திலும் அது பட்ட எலும்பு சாட்சி சொல்கின்றது. தொல்பொருள் மூலாதாரம் என்றால் பானை ஓடும் நாணயமும் மாத்திரம் என்று எண்ணியிருப்பவர்கள் இதைக் கவனத்திற் கொள்க.

ஜேர்மனியின் வட பகுதியிலுள்ள தொலென்சே என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1996 இல் அங்கு அம்புமுனை தைத்த ஒரு மேற்கை எலும்பு வெளிப்பட்டது. தொடர்ந்த ஆய்வுகளில், கி.மு. 1250 அளவில் அந்த இடத்தில் ஒரு பெரும் போர் நிகழ்ந்துள்ளமை தெரியவந்தது. எலும்புகளுக்கிடையே இரண்டு மரப்பொல்லுகளும் இருந்தன. அது வெண்கலக் காலம் என்பதை அவதானியுங்கள். வெண்கல ஆயுதங்கள் வழக்கிலிருந்த காலத்திலும் போருக்கு வந்த சிலர் கையில் மரப்பொல்லு இருந்திருக்கின்றது. உலோகம் விலை கூடியது. பொல்லை யாரும் வெட்டிக்கொள்ளலாம். புதிய காலம் பிறந்தது என்பதற்காகப் பழைய ஆயுதத்தை எல்லோரும் ஒரே நாளிற் கீழே போட்டுவிடுவதில்லை.

துளையிட்ட கல்

பொல்லின் நுனியிற் கனமான கல்லைப் பொருத்தலாம் என்ற எண்ணம் ஏன் தோன்றியது? விஞ்ஞான பாடத்தில் உந்தம் படித்திருப்பீர்கள். பாரம் முழுவதும் கையிலிருந்து தூரத்தில், வீச்சின் நுனியில் இருக்குமாயின் அந்த நுனி வேகமாகச் செல்லும், அடியும் பலமாக விழும். வீட்டில் அரிக்கன் சட்டியைக் கழுவும்போது அல்ல, சுத்தியலால் ஆணி அடிக்கும்போது இதை உணரலாம். சுத்தியலைத் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டு பிடியால் அடித்துப் பாருங்கள், ஆணி அசையாது.

கல்லில் துளையிடுவதுதான் கடினமான வேலை. நாணைச் சுற்றி இழுத்துச் சுழற்றும் விற்துரப்பணமும் ஈர மணலும் கொண்டு மெல்ல மெல்லத் தேய்த்தே துளையிட்டனர். ஒரு பக்கத்திலிருந்து பாதியும் மறு பக்கத்திலிருந்து பாதியும் துளைத்தமையால், பல கதைத்தலைகளின் துளை நடுவில் ஒடுங்கி, இரு முனையிலும் அகன்று உடுக்குப் போலக் காணப்படும். இவ்வளவு நேரத்தைச் செலவழித்துச் செய்யப்படும் பொருள் எல்லோரிடமும் இருக்க முடியாது. கதாயுதம் பிறந்தபோதே அது வைத்திருப்பவனின் தகுதியையும் காட்டத் தொடங்கிவிட்டது. இந்த வசனத்தின் கீழ்க் கோடிட்டுக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதி இதிலிருந்துதான் வளர்கின்றது.

எகிப்தில் அரச வம்சங்கள் தோன்றுவதற்கு முற்பட்ட காலத்தில் முதலில் தட்டு வடிவமான கதைத்தலைகளும், கி.மு. 3500 அளவிலிருந்து பேரிக்காய் வடிவமானவையும் செய்யப்பட்டன. தட்டு வடிவம் விளிம்பால் வெட்டும், ஆனால் இலகுவில் உடையும். பேரிக்காய் வடிவம் எப்பக்கத்தால் விழுந்தாலும் நசுக்கும். மெசப்பொத்தேமியாவிலும் கதைகள் பாவிக்கப்பட்டன. சிந்துவெளியில் மொகெஞ்சதாரோ அகழ்வாய்விலும் கல்லாலான கதைத்தலைகள் வெளிப்பட்டன. சாக்கடலுக்கு அருகில் நகால் மிஷ்மார் என்னும் இடத்திலுள்ள குகையொன்றில் 1961 இல் ஒரு புதையல் கிடைத்தது. பாயிற் சுற்றி ஒளித்து வைக்கப்பட்ட 400 க்கு மேற்பட்ட செப்புப் பொருட்களுள் ஏறத்தாழ 240 கதைத்தலைகள். அவை 6,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. இவை போருக்குரியனவா, வழிபாட்டுக்குரியனவா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக் கொண்டிருக்கவில்லை. எனினும் சடங்குக்குரியவை என்று கருதுவோரே கூடுதலாக உள்ளனர்.

எகிப்தின் நார்மர் பலகையை உங்களிற் பலர் படத்திற் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ கி.மு. 3100 ஐச் சேர்ந்த இக்கற்பலகையில், மன்னன் நார்மர் ஒரு கையால் எதிரியின் தலைமயிரைப் பற்றி, மறு கையிற் கதையை ஓங்கி நிற்கின்றான். அதே ஹைராகொன்பொலிஸ் நகரில் "தேள் மன்னன்" எனப்படுபவனின் கதைத்தலையும் கிடைத்தது. அது இப்போது ஒக்ஸ்போர்டிலுள்ள அஷ்மோலியன் நூதனசாலையில் உள்ளது. உயரம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர். அவ்வளவு பெரிய கல்லைப் பிடியிற் பொருத்தி எவரும் போரிட முடியாது. அதிற் செதுக்கப்பட்டுள்ள காட்சியைக் கேட்டால் வியப்படைவீர்கள். மன்னன் கையில் மண்வெட்டியுடன் நீர் ஓடும் வாய்க்கால் அருகே நிற்கின்றான். கொல்லும் ஆயுதத்தின் தலையில் வாய்க்கால் வெட்டும் காட்சி! மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றை நம்பி வயல் செய்யும் எமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. நீரைப் பங்கிடும் அதிகாரமும் அடிக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன என்பதை அந்தக் கல் காட்டுகின்றது. நீர்ப்பாசன நாகரிகம் பற்றிய வினாவுக்கு இதை ஒப்பீட்டு உதாரணமாகக் காட்டலாம்.

தலைக்கவசம் வந்தபோது

கதாயுதம் நன்றாக வேலை செய்தது, எதிரியின் தலை வெறுந்தலையாக இருந்தவரையில். மெசப்பொத்தேமியாவின் ஊர் நகரில் 1922 முதல் 1934 வரை லெனார்ட் வூலி நடத்திய அகழ்வாய்வில், கி.மு. 2500 அளவைச் சேர்ந்த அரச கல்லறைகளில் செப்புத் தலைக்கவசம் அணிந்த போர்வீரரின் எச்சங்கள் கிடைத்தன. உருண்டையான கல் உலோகக் கவசத்தின் மீது வழுக்கும். ஒடுங்கிய வாயுடைய கோடரி அதைத் துளைக்கும். அதனால் அப்பகுதிப் போர்க்களத்திற் கதையின் இடத்தைக் கோடரி பிடித்துக்கொண்டது என்பது அறிஞர் பலரின் விளக்கம்.

ஆனால் கதை மறைந்துவிடவில்லை. கோயிலுக்குள் போய்விட்டது! கீஷ் நகர மன்னன் மெசிலிம் என்பவனின் பெயர் பொறித்த, சிங்க உருவங்கள் செதுக்கிய ஒரு கதைத்தலை பரிஸ் நகரின் லூவர் நூதனசாலையில் உள்ளது. அது நின்கிர்சு என்ற தெய்வத்துக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்டது. அதே நூதனசாலையிலுள்ள "கழுகுக் கற்பலகை"யின் ஒரு முகத்தில் வீரர்கள் தலைக்கவசம் அணிந்து, ஈட்டி ஏந்தி அணிவகுக்கின்றனர். மறு முகத்தில், வலைக்குள் அகப்பட்ட எதிரிகளைத் தெய்வம் கதையால் அடிக்கின்றது. மனிதரின் கையில் புதிய ஆயுதம், தெய்வத்தின் கையில் பழைய ஆயுதம். இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எகிப்திலும் இதே கதைதான். நார்மர் காட்டிய அந்த ஓங்கிய கை, மூவாயிரம் ஆண்டுகளாகக் கோயிற் சுவர்களில் மீண்டும் மீண்டும் செதுக்கப்பட்டது. எகிப்தை ஆண்ட உரோமப் பேரரசர்களைக்கூட அதே தோற்றத்திற் காட்டினர். 1922 இல் திறக்கப்பட்ட துட்டன்காமுன் கல்லறையில், உள்ளறையின் வாசலின் இரு பக்கமும் ஆளுயரக் காவற் சிலைகள் நின்றன. அவற்றின் ஒரு கையில் நீண்ட கோல், மறு கையிற் கதை. வாசலில் கதையுடன் காவல் நிற்கும் உருவத்தை நீங்கள் வேறெங்கோ பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதற்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

இப்போது ஒரு பொதுவான பிழையைத் திருத்த வேண்டும். மாணவர் பலர் ஆயுத வளர்ச்சியை ஏணிப்படி போல எழுதுகின்றனர்: முதலிற் பொல்லு, பிறகு கதை, பிறகு வாள், பிறகு துப்பாக்கி. மேலே ஏறியவர் கீழே இறங்குவதில்லை என்பது போல. உண்மை அப்படியன்று. ஐரோப்பாவின் மத்திய காலப் பிற்பகுதியில் வீரர்கள் உடல் முழுவதும் இரும்புத் தகட்டுக் கவசம் அணிந்தபோது, வாளின் வெட்டு பயனற்றுப்போனது. அப்போது சுற்றிவரத் தகடுகள் பதித்த இரும்புக் கதை மீண்டும் களத்துக்கு வந்தது. தகட்டின் விளிம்பு கவசத்தை நெளிக்கும். வெட்டுப்படாவிட்டாலும் உள்ளே எலும்பு முறியும். பாரசீகத்திலும் முகலாய இந்தியாவிலும் ஆறு தகடுடைய கதைக்கு "ஷஷ்பர்" என்று பெயர். ஒரு கவசம் கதையை ஓய்வுக்கு அனுப்பியது, இன்னொரு கவசம் அதைத் திருப்பி அழைத்தது. ஆயுதம் தனியே வளர்வதில்லை, எதிரி எதை அணிகின்றானோ அதற்கு மறுமொழியாகவே மாறுகின்றது.

தென் அமெரிக்காவின் இன்கா வீரர்கள் நட்சத்திர வடிவமான கல், வெண்கலத் தலையுடைய கதைகளை ஏந்தினர். அந்தப் பிரதேசத்தில் அவை பயங்கரமான ஆயுதங்கள். ஆனால் 1532 இல் ஸ்பானியர் வந்தபோது உருக்குக் கவசமும் குதிரையும் வாளும் எதிரே நின்றன. அதற்குரிய மறுமொழியைக் கண்டுபிடிக்க இன்காக்களுக்குக் காலம் கிடைக்கவில்லை.

எமது பக்கத்தில்

இலங்கை வழக்கில் நாம் "பொல்லு" என்பதைச் சிங்களத்தில் "பொல்ல" என்பர். இரு வீட்டிலும் ஒரே பொருள், ஏறக்குறைய ஒரே பெயர். நெல்லுக் குற்றும் உலக்கையும் ஒரு காலத்தில் ஆயுதமாக எண்ணப்பட்டது. கலப்பையையும் உலக்கையையும் ஏந்தியவராகவே பலராமரைச் சிற்பங்கள் காட்டுகின்றன. கி.மு. 2 ஆம் நூற்றாண்டில் பக்திரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் அகத்தோக்கிளிஸ் வெளியிட்ட நாணயங்களிலேயே இவ்வுருவம் காணப்படுகின்றது. அந்நாணயங்கள் ஆப்கானிஸ்தானின் ஆய் கானூம் என்னும் இடத்திற் கிடைத்தன. உழவனின் இரு கருவிகளே தெய்வத்தின் இரு ஆயுதங்கள். விஷ்ணுவின் கையிலுள்ள கதைக்குக் கௌமோதகி என்று பெயர். வீமனும் அனுமனும் கதையுடன் நிற்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர்.

இலங்கை வரலாற்றில், துட்டகைமுனுவின் படை விஜிதபுரக் கோட்டையைத் தாக்கிய நிகழ்ச்சியை மகாவம்சம் விரிவாகக் கூறுகின்றது. தசமகா யோதர் எனப்படும் பத்து வீரருள் ஒருவர் வண்டியின் பாகமொன்றைத் தூக்கினார், இன்னொருவர் தென்னையைப் பிடுங்கினார், மற்றொருவர் பனையை ஏந்தினார், தேரபுத்தாபயர் தமது பெரிய கதையை எடுத்தார் என்று அந்நூல் வருணிக்கின்றது. இதை எப்படிப் பயன்படுத்துவது? பனையைப் பிடுங்கி அடித்தார் என்பதை நடந்தபடியே நடந்ததாக எழுதினால் அது வரலாறாகாது. முழுவதும் கற்பனை என்று ஒதுக்கினாலும் ஒரு சான்றை இழப்போம். போர் நடந்தது கி.மு. 2 ஆம் நூற்றாண்டில். மகாநாம தேரர் அதை எழுதியது கி.பி. 5 – 6 ஆம் நூற்றாண்டளவில். இடையில் ஆறு, ஏழு நூற்றாண்டுகள். ஆகவே இந்தப் பகுதி, விஜிதபுரத்தில் எந்த ஆயுதம் இருந்தது என்பதைவிட, பெரும் உடல்வலி படைத்த வீரனின் கையில் எது பொருந்தும் என்று மகாவம்ச ஆசிரியர் காலத்தவர் எண்ணினர் என்பதையே உறுதியாகக் காட்டுகின்றது. பொல்லும் கதையும் உடல்வலியின் அடையாளம். மன்னனுக்கு அந்நூல் கொடுப்பது வேறு ஆயுதம்: தாது வைக்கப்பட்ட ஈட்டி. அது நாட்டப்பட்ட இடத்திலேயே மிரிசவெட்டி தாதுகோபம் கட்டப்பட்டது என்கிறது மகாவம்சம். ஓர் ஆயுதம் வணக்கத்துக்குரிய பொருளாக மாறும் இந்த நிகழ்ச்சி எங்களுக்கு அந்நியமானதன்று. வெருகலில் நாம் கைகூப்புவதும் வேலின் முன்னேதான்.

வெருகல் ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டத்தின் கதிரவெளி. பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கல்லறைகள் இனங்காணப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. பொம்பரிப்பு, இப்பன்கட்டுவ, ஆனைக்கோட்டை என்று மனப்பாடம் செய்பவர்கள் பஸ்ஸில் சிறிது நேரத்திற் போகக்கூடிய கதிரவெளியை விடைத்தாளில் விட்டுவிடுகிறார்கள்! அப்பண்பாட்டுடன் இரும்பின் பாவனை பரவியது. இரும்பு கைக்கு வந்த பின் வேலும் வாளும் களத்திற் சிறந்தன. கதை மெல்லக் கதைகளுக்குள்ளும் சிற்பங்களுக்குள்ளும் போயிற்று. (சொல் விளையாட்டை மன்னித்துக்கொள்ளுங்கள். விடைத்தாளில் இப்படி எழுத வேண்டாம்.)

முன்பு கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். சிவன் கோயிலின் கருவறை வாசலின் இரு புறமும் நிற்கும் துவாரபாலகரை நினைத்துப் பாருங்கள். 1010 இல் முதலாம் இராஜராஜன் நிறைவுசெய்த தஞ்சைப் பெருங்கோயிலில் இவர்கள் மிகப் பெரிய உருவினராய், கதையின் மீது காலை ஊன்றி நிற்கின்றனர். சோழர் படை உண்மையில் ஏந்தியது வாள், வேல், வில். அப்படியிருந்தும் வாசற்காவலனுக்குக் கதை கொடுக்கப்பட்டது. அவன் அடிக்க வரவில்லை, "இங்கே நில்" என்று சொல்லவே நிற்கிறான். துட்டன்காமுன் கல்லறைக் காவலனின் வேலையும் அதுவே. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தன என்று நான் கூறவில்லை. ஒரே வகைத் தேவைக்கு இரு நாட்டவரும் ஒரே வகையான விடையைக் கண்டனர் எனலாம்.

கிழக்கு மாகாணத்தில் சிலம்படியும், முஸ்லிம் மக்களின் களிகம்பு ஆட்டமும் தடியின் இன்னொரு வாழ்க்கை. தமிழகத்துப் பயில்வான்கள் சுழற்றும் கர்லாக் கட்டையும் அவ்வாறே. 19 ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் இந்தியாவிலிருந்து இப்பயிற்சியைக் கொண்டுசென்றனர். 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளிற் கட்டை சுழற்றல் ஒரு போட்டியாகவே இருந்தது.

தலைகீழான கதை

பாராளுமன்றத்தில் சபாநாயகர் வரும்போது அவருக்கு முன்னே ஒருவர் பளபளக்கும் ஒரு கோலைத் தோளிற் சுமந்து வருவதைத் தொலைக்காட்சியிற் பார்த்திருப்பீர்கள். அவரின் பதவிப் பெயரை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள்: படைக்கலச் சேவிதர். படைக்கலம் என்றால் ஆயுதம். அந்த ஆயுதம் எது? அவர் சுமக்கும் செங்கோல்தான்.

இவ்வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. மத்திய காலத்தில் அந்நாட்டு மன்னரின் மெய்க்காவலர் உண்மையான போர்க்கதைகளை ஏந்தினர். அதன் பிடியின் அடிப்பகுதியில் அரச இலச்சினை பொறிக்கப்பட்டது. காவலன் ஒருவனைக் கைதுசெய்யச் சென்றால், இலச்சினையுள்ள அடிப்பக்கத்தை உயர்த்திக் காட்டுவான். அதுவே அவனது பிடியாணை. காலப்போக்கில் அடிக்க வேண்டிய தேவை குறைந்தது, காட்ட வேண்டிய தேவை கூடியது. இலச்சினையுள்ள முனை பெருத்து, அதன் மேல் முடியும் ஏறியது. அடிக்கும் முனை சிறுத்துக் கீழே ஓர் அலங்காரக் குமிழாயிற்று. ஆக, இன்று சபைகளிற் சுமக்கப்படுவது தலைகீழாகப் பிடிக்கப்பட்ட கதாயுதம். 1653 இல் ஒலிவர் குரொம்வெல் பாராளுமன்றத்தைப் பலவந்தமாகக் கலைத்தபோது, மேசையிலிருந்த அந்தக் கோலை அகற்றும்படி படையினருக்குக் கட்டளையிட்டார். உண்மையான ஆயுதங்களுடன் வந்தவர்களுக்கும் அந்த ஆயுதமல்லாத ஆயுதம் அங்கே இருப்பது இடைஞ்சலாக இருந்திருக்கின்றது.

இலங்கை 1948 இல் சுதந்திரம் பெற்றது. 1949 ஜனவரி 11 ஆம் திகதி, பிரித்தானியப் பொதுமக்கள் சபை எமது பாராளுமன்றத்துக்கு ஒரு செங்கோலை அன்பளிப்பாகக் கொடுத்தது. கருங்காலி மரத்தாலான தண்டில் வெள்ளி, பொன் வேலைப்பாடுகளும் நீலக்கற்களும் கொண்டது அது. சபாநாயகரின் அதிகாரத்தின் சின்னமாக அது மேசை மீது வைக்கப்படுகின்றது. ஆங்கிலேயர் "கதை" என்ற சொல்லால் அழைக்கும் பொருளுக்குத் தமிழில் நாம் "செங்கோல்" என்று பெயர் வைத்தோம். நல்ல பெயர்தான். ஆனால் தமிழ் மரபின் செங்கோல் ஆயுதத்திலிருந்து பிறந்ததன்று. வளையாத கோல் நீதியான ஆட்சி, வளைந்த கொடுங்கோல் அநீதியான ஆட்சி. 2023 மே 28 அன்று இந்தியாவின் புதிய பாராளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டது இந்த மரபைச் சார்ந்த செங்கோல். பெயர் ஒன்று, வேர் இரண்டு. இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொல்லு செங்கோலாக மாறியதை ஒரே பொருளில் காண விரும்பினால் பசுபிக் சமுத்திரத்தின் பீஜித் தீவுகளுக்குச் செல்ல வேண்டும். தமிழகத்திலிருந்து 1903 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்ட நாடு அது. அந்நாட்டின் தலைவர் சக்கோபாவு 1874 இல் தீவுகளைப் பிரித்தானிய முடிக்கு ஒப்படைத்தபோது, தாம் போரில் ஏந்திய பொல்லை விக்டோரியா மகாராணிக்கு அனுப்பினார். 1932 இல் அது பீஜிக்குத் திருப்பி அனுப்பப்பட்டுச் சட்டசபையின் கோலாக வைக்கப்பட்டது. அந்த மேசையிற் கிடந்தது கதையைப் போலச் செய்யப்பட்ட அலங்காரப் பொருளன்று. போர்த் தலைவனின் கையிலிருந்த அதே பொல்லு. அதைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் அடிபடுவதற்குப் பதிலாக வாதாடுகிறார்கள்.

கிரிக்கெட் பைத்தியங்களுக்கும் ஒரு செய்தி: டெஸ்ட் உலகச் சம்பியனுக்குக் கொடுக்கப்படும் பரிசும் கதையேயாகும். 2021 இல் நியூசிலாந்தும் 2023 இல் அவுஸ்திரேலியாவும் 2025 இல் தென்னாபிரிக்காவும் அதைப் பெற்றன.

விடை எழுதும்போது

"தொல்பொருட் சான்றுகள் மட்டும் கொண்டு ஆதிமனிதனின் கருவிகளை முழுமையாக அறிய முடியாது. காரணம் தருக" என்று வினா வந்தால், "மரப்பொருட்கள் உக்கிவிடும்" என்று இரண்டு சொல்லில் நிறுத்த வேண்டாம். உக்கும் என்பது காரணம். அதனால் கல்லும் எலும்பும் மிகையாகத் தெரிகின்றன என்பது விளைவு. சேற்றிற் கிடைத்த தேம்ஸ் பொல்லு உதாரணம். மூன்றையும் எழுதினால் வாசிப்பவருக்கு நீங்கள் விளங்கி எழுதியது தெரியும். ஆண்டு நினைவில்லையென்றால் ஊகித்துப் போட வேண்டாம். நூற்றாண்டைச் சரியாக எழுதுவது பிழையான ஆண்டை எழுதுவதைவிட மேல்.

கீழுள்ளவற்றுக்கு அப்பியாசக் கொப்பியில் விடை எழுதுக.

1. பொல்லுக்கும் கதைக்கும் இடையிலான அமைப்பு வேறுபாட்டைக் குறிப்பிடுக. (1 புள்ளி)

2. தேள் மன்னனின் கதைத்தலை போருக்காகச் செய்யப்பட்டதன்று எனக் கருதுவதற்குக் காரணம் ஒன்று தருக. (2 புள்ளிகள்)

3. தலைக்கவசம் ஒரு காலத்திற் கதையின் பாவனையைக் குறைத்தது, உடற்கவசம் இன்னொரு காலத்தில் அதைக் கூட்டியது. விளக்குக. (4 புள்ளிகள்)

4. விஜிதபுரப் போர் பற்றிய மகாவம்சப் பகுதியை ஒரு மூலாதாரமாகப் பயன்படுத்தும்போது நீர் கவனிக்க வேண்டிய விடயங்கள் இரண்டை விளக்குக. (4 புள்ளிகள்)

5. உமது வீட்டில் அல்லது வளவில் உள்ள மரத்தாலான கருவி ஒன்றைத் தெரிவுசெய்க. ஆயிரம் ஆண்டுகளின் பின் ஓர் அகழ்வாய்வாளருக்கு அதில் எந்தப் பகுதி கிடைக்கும், எது கிடைக்காது என்பதை ஐந்து வசனங்களில் எழுதுக. (5 புள்ளிகள்)